புலிக்கும் ஒரு பங்கு

கேள்வி: புலி பிழைக்க வேண்டுமென்றால் காட்டுக்குள் இருக்கும் மனிதர்களை எல்லாம் வெளியேற்றிவிட வேண்டியதுதானே?

பதில்: யாரை? ஜீப்பில் வருகிறவர் 'சுற்றுலாப் பயணி', கூடையோடு நிற்கிறவர் மட்டும் 'ஆக்கிரமிப்பாளர்' என்பது நம் கணக்கு!

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகப் பழங்குடியினர் தேனெடுத்தால், கொஞ்சம் அடையைப் புலிக்கென்று கீழே வைத்துவிட்டு வருவார்கள். பாவம், அதற்கு மரமேற வராது என்ற கரிசனம். கோடை முற்றுமுன் சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைப்பதும் அவர்கள் வழக்கமாக இருந்தது. 1974-இல் சரணாலயம் வந்தது; அந்தத் தீயும் நின்றது. உண்ணிச்செடி புதராக மண்டியதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் சோளகர்கள். ஆய்வாளர்கள் சிலரும் தாமதமாகத் தலையாட்டினார்கள். புதருக்கடியில் புல் ஏது, புல்லில்லாமல் மான் ஏது?

2011-இல், புலிகள் காப்பகமாகிவிட்ட அந்தச் சரணாலயத்துக்குள்ளேயே சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அதற்காகப் புலி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடவில்லை.

உரிமை இருப்பதால் இஷ்டத்துக்கு வெட்டலாமா? கூடாது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் வன உரிமைச் சட்டம் கிராம சபையிடம்தான் தருகிறது. அந்தச் சபையின் சம்மதம் இல்லாமல் நீங்கள் சொல்கிற வெளியேற்றமும் செல்லாது.