கள்ளிப்பழச் சிவப்பு

எங்கள் வீரகேரளம்புதூரில் அனுமன் நதி சித்தாற்றோடு வந்து சேரும் கரையில், ஐப்பசி மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்த நாட்களில், வெள்ளிக்கிழமைக் காலை பெண்கள் குளிக்க இறங்கிவிட்டால் தண்ணீருக்கு மேலே ஒரு மணம் நின்றுகொண்டிருக்கும். நல்லெண்ணெயும் சீயக்காயும் கல்லில் உரைத்த மஞ்சளும் ஈரச் சேலையும் சேர்ந்த அந்த மணம் எங்களுக்கு அப்போது ஒரு பொருட்டாகவே தெரிந்ததில்லை, ஆறு என்றால் இப்படித்தான் மணக்கும் என்றிருந்தோம், நகரத்துக்கு வந்து குழாயடியில் குளிக்கத் தொடங்கிய பிறகுதான் அது ஆற்றின் மணமல்ல, எங்கள் ஆச்சிமார் வீட்டிலிருந்து கிண்ணத்தில் எடுத்துவந்த மணம் என்று புரிந்தது. உங்கள் ஊரில் அது தாமிரபரணிப் படித்துறையாகவோ குளத்து மடையாகவோ இருந்திருக்கலாம். மணம் ஏறத்தாழ இதுவாகத்தான் இருந்திருக்கும்.

கோடை பிறந்ததும் தட்டட்டியில் ஓலைப்பாய் விரித்துச் சீயக்காய் காயும். பக்கத்திலேயே உசிலை இலை, வெந்தயம், பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ என்று தனித்தனிக் குவியல்கள். காக்கா வராமல் காவல் இருக்கும் வேலை எனக்கு. காய்ந்ததை மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் அரிசிக்கு ஒரு மிஷின், மிளகாய் வத்தலுக்கு ஒரு மிஷின், சீயக்காய்க்குத் தனியாக மூலையில் ஒரு மிஷின். அது ஓடத் தொடங்கியதும் மில்லுக்குள் நிற்கிற அத்தனை பேரும் தும்முவார்கள், யார் வீட்டுச் சீயக்காய் என்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள், எந்த மலைச் சரக்கு, எந்தக் கடையில் வாங்கியது, கொட்டையோடு அரைக்கிறாயா எடுத்துவிட்டா என்று பேச்சு நீளும். குற்றால மலையில் பளியர்கள் பறித்து இறக்கிய காய் என்றால் அதற்குத் தனி மதிப்பு. தலையில் தேய்க்கிற பொடி எந்தச் சரிவில் விளைந்தது என்பது வரைக்கும் ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. அந்த விவரம்தான் இன்று என்னை விட்டு அகலாமல் இருக்கிறது.

நெற்றிக்கு வைக்கும் சாந்தும் வீட்டில்தான் ஆகும். ஜவ்வரிசியை இரும்புச் சட்டியில் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கொதிக்கவைத்து, வழுவழுப்பான தேங்காய்ச் சிரட்டைக்குள் ஊற்றி வெயிலில் காயவைத்துவிட்டால் மாதக்கணக்கில் வரும்; வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கண்மைக்குக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரி போட்டு, விளக்கெண்ணெயில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்தெடுப்பார்கள். அக்காவுக்கு அது போதும். எனக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக அதுவே வந்து ஒட்டும், நான் புறங்கையால் அழிப்பேன், முகமெல்லாம் கறுப்பாகும்.

உதட்டுச் சிவப்புக்கு மட்டும் வீட்டில் ஏற்பாடு கிடையாது. அதை நாங்களே பார்த்துக்கொண்டோம். ஊருக்கு வெளியே வண்டிப்பாதை ஓரத்தில் வேலியாய் நின்ற சப்பாத்திக்கள்ளியில் பழம் பழுத்தால், குச்சியால் தட்டி விழவைத்து, தரையில் புரட்டிப் புரட்டிச் சுணைமுள்ளை உதிர்த்து, நடுவில் இருக்கிற நட்சத்திர முள்ளைக் கவனமாக எடுத்துவிட்டுத் தின்போம். நாக்கு, பல், உதடு, சட்டைக் காலர் எல்லாம் கருஞ்சிவப்பாகிவிடும். அக்காவும் அவள் சேக்காளிகளும் தின்பதற்காக வருவதில்லை, தின்றபிறகு ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்துக்கொள்வதற்காகவே வருவார்கள். அதே கள்ளி மடலில் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளை வெள்ளையாய் ஒரு பூச்சி அப்பியிருக்கும். அதை நசுக்கினால் உள்ளேயிருந்து ரத்தச் சிவப்பில் சாறு வரும். பையன்கள் அதைத் தொட்டுக் கையில் பூசி அடிபட்டதாக நடிப்போம். பழத்திலும் சிவப்பு, பூச்சியிலும் சிவப்பு. ஒரே செடியில் இரண்டும் இருந்தன.

அந்தப் பூச்சிக்கு எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது என்பது போன பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகள், சுரண்டைக் கூரியர்காரர் கொண்டுவந்து கொடுத்த சின்னப் பெட்டியைப் பிரித்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

"மாமா, இது வீகன். இதுல கார்மைன் கிடையாது."

"கார்மைன்னா என்னம்மா?"

"பூச்சி மாமா. கள்ளிச்செடியில இருக்குமே, அத நசுக்கி எடுக்கிற கலரு."

அவள் சொன்னதைத் தொடர்ந்து நானும் தேடிப் படித்தேன். பெரு நாட்டில் இன்றும் கள்ளித் தோட்டங்களில் கொச்சினீல் என்ற பெண்பூச்சியை வளர்த்து, கொன்று காயவைத்து, அரைத்து எடுக்கும் சாயம்தான் கார்மைன். லிப்ஸ்டிக், கன்னச் சாயம், தயிர், மிட்டாய் என்று எங்கும் புகுந்திருக்கிறது, பெட்டியின் பின்பக்கம் சி.ஐ. 75470 என்ற எண்ணாக ஒளிந்திருக்கிறது. இந்தச் சாயத்தில் ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து அள்ளிய பணத்தைப் பார்த்து, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியது சாயத்துக்கு அவ்வளவாக உதவாத வேறு இனப் பூச்சி; வியாபாரம் படுத்துவிட்டது, கள்ளி மட்டும் நாடெங்கும் பரவியது. பிறகு அந்தக் கள்ளிக்காட்டை ஒழிப்பதற்கென்றே 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு இனத்தைக் கொண்டுவந்து சென்னை மாகாணத்தில் விட்டார்கள். நாங்கள் வண்டிப்பாதை ஓரத்தில் நசுக்கி விளையாடியவை அவற்றின் வாரிசுகளாகத்தான் இருக்க வேண்டும்.

அக்கா மகளின் கேள்வியை நான் மதிக்கிறேன். என் உதட்டுக்காக ஒரு உயிர் ஏன் சாக வேண்டும் என்று அவளுக்கு முன் எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. ஆச்சி செடியையும் கிழங்கையும் நம்பி வாழ்ந்தவள்தான், ஆனாலும் வீகன் அல்ல. மைக்கரியைக் குழைக்க விளக்கெண்ணெய் இல்லாத நாளில் வெண்ணெய் எடுப்பாள். எங்கள் ஊர்க் கோயிலில் நிற்பவரே நவநீதகிருஷ்ணன், வெண்ணெய்க்கு அங்கே யார் மறுப்புச் சொல்வார்கள்? குங்குமம் உதிராமல் இருக்க நெற்றியில் தேன்மெழுகு தடவி அதன்மேல் வைப்பாள். தலைக்குத் தயிர். பிள்ளைக்குக் கோரோசனை. கல்யாண வீட்டில் சந்தனத்தோடு புனுகு கலந்த ஜவ்வாது. அந்தப் புனுகு, பூனையைக் கூண்டில் அடைத்துக் கட்டையில் உரசவைத்து வழிப்பது என்று தெரிந்த நாளில் எனக்கு அந்த வாசனையே கசந்துபோயிற்று. பழைய காலத்தில் எல்லாம் தூய்மை, எல்லாம் அன்பு என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியாது.

ஆனால் ஆச்சிக்குத் தெரியாத பொருள் அவள் கிண்ணத்தில் இல்லை. எங்கள் தலைமுறைதான் முதன்முதலாகத் தெரியாத பொருளைப் பூசிக்கொண்டு பூரித்தது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்றதும், அவர் மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கியதும், பிறகு காலிப் பொட்டலம் கொண்டுவந்தால் ஒரு பொட்டலம் இலவசம் என்று அறிவித்ததும் இன்று தொழில் பாடங்களில் வருகின்றன. எங்களுக்கு அது பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாய்த் தொங்கிய சொர்க்கம். கண் எரியாது, தும்மல் வராது, தட்டட்டியில் காவல் இருக்க வேண்டாம். காலிப் பொட்டலம் பொறுக்க ஆற்றங்கரை முழுக்க அலைந்தோம். பல்லால் கிழித்து உள்ளங்கையில் விட்டுக்கொள்ளும்போது வருமே அந்த வழவழப்பும் வாசனையும், அது தந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் விலங்குக் கொழுப்பில்லாமல் தாவர எண்ணெயில் சோப்புக் காய்ச்சி விற்றார், ஏனென்றால் அன்றைய சீமைச் சோப்புகளில் கொழுப்பு இருந்தது. 1983இல் வனஸ்பதியில் இறக்குமதி மாட்டுக்கொழுப்பு கலந்த விவகாரம் வெடித்து, அரசு அந்த இறக்குமதியையே நிறுத்தியபோது, சோப்பிலும் அதுதானே போய்க்கொண்டிருந்தது என்று ஊர் அதிர்ந்தது. புனேயில் 1974இல் தொடங்கிய 'பியூட்டி வித்தவுட் குருவல்டி' அமைப்பு, எந்த அழகுப் பொருளில் எந்த மிருகம் ஒளிந்திருக்கிறது என்று துருவிச் சொல்லிக்கொண்டே வந்தது. 2014இல் அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதையும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் இந்தியா தடை செய்தது. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் பாலும் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று தொடங்கிய சிறு சங்கத்தின் முத்திரை இன்று ஷாம்பூ புட்டிகளில் பதிந்திருக்கிறது. ப்ளம் போன்ற இந்திய நிறுவனங்கள் முழுக்க வீகன் என்றே சொல்லி விற்கின்றன; அந்தப் பெட்டிகள் வீரகேரளம்புதூர் வரைக்கும் வந்துவிட்டன.

முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் எனக்குக் கவலை. தேன்மெழுகுக்குப் பதில் பிரேசில் பனையோலையின் கார்னோபா மெழுகு, ஆட்டு ரோமத்தின் லானோலினுக்குப் பதில் தாவர எண்ணெய், சுறா ஈரல் ஸ்குவாலீனுக்குப் பதில் ஆலிவிலோ கரும்பிலோ எடுத்தது; இவையெல்லாம் நல்ல மாற்றங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வீகன் என்றால் மூலிகை என்று அர்த்தமில்லை. பெட்ரோலியத்திலிருந்து வரும் மெழுகும் வீகன்தான், இந்தோனேசியக் காட்டை அழித்து நட்ட செம்பனையின் எண்ணெயும் வீகன்தான், கண்ணிமையில் மினுங்கும் மைக்காவும் வீகன்தான். அந்த மைக்காவை ஜார்க்கண்டில் பொந்து மாதிரிக் குழிகளுக்குள் இறங்கிப் பிள்ளைகள் பொறுக்கியெடுப்பதைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டிருக்கின்றன. பூச்சிக்கு இரங்கிய மனம் அந்தப் பிள்ளைக்கும் இரங்கத்தான் செய்யும், பெட்டியில் எழுதியிருந்தால். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: கொம்புத்தேன் எடுத்து மெழுகு விற்றுப் பிழைக்கிற பளியர் குடும்பத்தின் வருமானம் முத்திரையின் கணக்குப்படி தள்ளுபடி. இதற்கு எனக்கு விடை தெரிந்திருந்தால் அக்கா மகளிடம் சொல்லியிருப்பேன்.

சாரல் காலத்தில் குற்றாலம் போகும்போது இந்த யோசனையெல்லாம் கூடவே வரும். முன்பெல்லாம் அருவிக்குப் பக்கத்தில் பாய்விரித்து உட்கார்ந்திருப்பார்கள் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள். அப்பாவின் முதுகில் சளார் சளாரென்று அவர்கள் அறைகிற சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும், எண்ணெய் வழிய வழியப் போய் மெயினருவியில் நின்றால் தண்ணீரே சீயக்காய் வேலையும் சேர்த்துப் பார்த்துவிடும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எதற்கும் அனுமதியில்லை. அது சரியான உத்தரவு. வெறும் தண்ணீரில் நின்றுவிட்டு வெளியே வந்தால் கடைகளில் கற்றாழைச் சோப்பு, வேப்பிலைச் சோப்பு, மூலிகைத் தைலம் என்று வரிசைகள். அங்கே நின்று ஒரு சோப்பைத் திருப்பிப் பார்த்தேன். இலைப் படம் மட்டும் பெரிதாக இருந்தது. எந்த எண்ணெயில் காய்ச்சியது என்று கடைக்காரரைக் கேட்டேன். சரக்கு வெளியூரிலிருந்து பெட்டியாக வருகிறது, தனக்குத் தெரியாது என்றார்.

அக்கா இப்போது மகளுக்காக மறுபடியும் நலங்கு மாவு அரைக்கத் தொடங்கியிருக்கிறாள். மகளின் சிநேகிதிகள் கேட்டார்கள் என்று போனில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறார்கள். கார்போகரிசி எவ்வளவு, வெட்டிவேர் எவ்வளவு என்று ஆச்சியின் கணக்கை ஞாபகப்படுத்திச் சொல்லும் பொறுப்பு எனக்கு. பூலாங்கிழங்கு அளவில் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தயிரில் குழைத்துப் பூச வேண்டும் என்று அக்கா எழுதச் சொன்னாள், மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"தேங்காப்பால்னு போடும்மா. இல்லன்னா வடிகஞ்சின்னு போடு."

"வடிகஞ்சியா? அதத்தான ஆச்சி ஊத்துவா!" என்றாள் அக்கா. அதோடு அந்த வழக்கு முடிந்தது.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் சீயக்காய் எந்த மலையிலிருந்து வந்தது, கஸ்தூரி மஞ்சள் யாரிடம் வாங்கியது என்று இரண்டு வரி எழுதச் சொல்லி நான் கேட்டேன், எழுதியிருக்கிறார்கள். அந்த லிப்ஸ்டிக் நிறுவனத்துக்கும் மகள் கடிதம் போட்டிருக்கிறாள், உங்கள் மினுமினுப்புக்கு மைக்கா எங்கிருந்து வருகிறது என்று கேட்டு. பதில் வந்தால் எனக்கும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.