மட்டாஞ்சேரியில் கறுப்பின் ஓரச்சிப்பாய் நகர்வு: ஒரு முன்னோடி ஆய்வு

அ. எல்லை வகுத்தல்

வெள்ளை தன் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. மரியாதை தெரிந்த கறுப்பு உடனே நடுப்பலகையில் தனக்கும் பங்கு கேட்கும். நம் ஆய்வுக்குரிய கறுப்போ வலக்கை ஓரத்தில், யானைக்கு முன்னால் சும்மா நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டுச் சாயாவை உறிஞ்சும். பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குத் திண்ணைகளில் இந்நகர்வு பரவலாகக் காணப்படுகிறது. ஆடியவர் ஒவ்வொரு முறையும் இக்கட்டுரையாளரே என்பது ‘பரவலாக’ என்பதைப் பாதிக்காது (காண்க: இக்கட்டுரையாளர், ‘ஓரச்சிப்பாய்: சில ஓரக்குறிப்புகள்’, அச்சில் இல்லை, ப. 3).

ஆ. முந்தைய ஆய்வுகள்

இல்லை. இருந்தாலும் மறுத்திருப்பேன்.

இ. வரலாறு

1980-இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிகளுக்கான போட்டி. உலகச் சாம்பியன் அனத்தோலி கார்ப்போவ் வெள்ளை. எதிரே பர்மிங்ஹாம்காரர் டோனி மைல்ஸ். மைல்ஸ் ஓரச்சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார், அடுத்து அதன் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம். அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆட்டம் முடிந்தபோது சாம்பியன் தோற்றிருந்தார். அறிஞர் உலகம் இதை நான்கு படிகளில் ஏற்றுக்கொண்டது: சிரிப்பு, மௌனம், அடிக்குறிப்பு, பெயர்சூட்டு விழா. இன்று அதற்குச் செயின்ட் ஜார்ஜ் தற்காப்பு என்று ஒரு புனிதரின் பெயரும், பர்மிங்ஹாம் தற்காப்பு என்று ஓர் ஊரின் பெயரும் இருக்கின்றன. கார்ப்போவ் வென்றிருந்தால் அதன் பெயர் ‘பிழை’.

1858-இல் ஜான் ஓவன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, மாபெரும் பால் மார்ஃபியை வென்றார். அதே ஆண்டு மார்ஃபி ஒரு சிப்பாயையும் முதல் நகர்வையும் அவருக்கு விட்டுக்கொடுத்து ஆடி, ஐந்தில் வென்று இரண்டைச் சமன்செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் எழுந்தார். பாதிரியார் பெயர் தற்காப்புக்கு நிலைத்துவிட்டது. அந்த ஏழு ஆட்டங்களைப் பற்றித் தற்காப்பின் ஆதரவாளர்கள் பேசுவதில்லை. நானும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஈ. வகைப்பாடு

1974 முதல் பெல்கிரேடிலிருந்து வெளிவந்த தொடக்க ஆட்டக் களஞ்சியம், உலகத் தொடக்கங்கள் அனைத்தையும் ஏ00 முதல் இ99 வரை 500 அறைகளில் அடுக்கியது. மைல்ஸின் நகர்வு, பாதிரியாரின் நகர்வு, மைக்கேல் பாஸ்மன் விரும்பி ஆடிய குதிரைச்சிப்பாயின் இரட்டைப் பாய்ச்சல் எல்லாம் பி00 என்ற ஒரே அறையில் கிடக்கின்றன, கிடங்கைப் பெருக்கியள்ளியதை ஒரே சாக்கில் கொட்டியதுபோல.

உ. உரிமை

கல்கத்தாவில் வழக்கறிஞர் ஜான் காக்ரேனுடன் 1850-களில் ஓயாமல் ஆடியவர் மகேஷ் சந்திர பானர்ஜி. நம் நாட்டு ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான். அந்தப் பழக்கத்தில் அவர் ஓரத்தை ஒட்டி மெல்ல நகர்த்தி, மந்திரியை மூலையோரம் நிறுத்தி, நடுவைத் தூரத்திலிருந்து தாக்கினார். 1855-இல் அவர் அப்படி ஆடிய ஒரு தற்காப்பு, 1922-இல் எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்டு ஆடியதால் கிரன்ஃபெல்டு தற்காப்பு ஆயிற்று.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதில் வியப்பில்லை. இங்கே 1555-வாக்கில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனையை, 1663-இல் டச்சுக்காரர் பழுதுபார்த்த காரணத்தால், இன்றும் டச்சு அரண்மனை என்கிறோம். ஓடு மாற்றியவருக்கு வீடு. அறிவுத்துறையில் இதற்குச் ‘செம்பதிப்பு’ என்று பெயர் (மேற்படி நூல், மூன்றாம் பதிப்பு, முதல் இரண்டும் வெளிவரவில்லை, ப. 3-இன் பின்பக்கம், பலசரக்குக் கணக்குக்குக் கீழே).

ஊ. ‘ச்சு’ பற்றி

ஓரச்சிப்பாய் நகர்ந்ததும், பலகையைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவர் ‘ச்சு’ கொட்டுகிறார். ஆய்வின் உயிர்நாடி இதுவே.

இந்த ஒலி எத்தனை மாத்திரை? சகர மெய்க்கு அரை. ஈற்று உகரம் குறுகினால் அதற்கும் அரை, கூட்டினால் ஒன்று. குறுகாது என்போர் ஒன்றரை என்கிறார்கள். இரு கட்சிக்கும் இடையே அரைக் கண்ணிமைப்பு. அதில் இரண்டு முனைவர் பட்டங்களும் ஒரு கருத்தரங்கமும் தாராளமாக அடங்கும்.

மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது. ஆகவே அப்படியோர் ஒலி எழவே இல்லை என்பது கடுங்கோட்பாட்டினர் வாதம். நான் என் காதால் கேட்டேன் என்றேன். காது சான்றாகாது, ஓலை வேண்டும் என்றார்கள். சமரசக் கட்சியோ முன்னால் ஓர் இகரம் தொக்கி நிற்கிறது என்கிறது. இகரத்தைச் சேர்த்தால் ஒலி முத்தமாகிவிடுகிறது. பலகைமேல் குனிந்து நிற்கும் மிளகு வியாபாரி யாருக்கும் அந்த நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது சிக்கல் பெரிது. எழுத்தொலி பிறக்கக் காற்று உந்தியிலிருந்து எழுந்து வெளியே வரவேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. ‘ச்சு’ கொட்டும்போது காற்று உள்ளே போகிறது. ஆகவே அது சொல் அல்ல, வெறும் மூச்சு என்று தள்ளிவிடலாமா? தள்ளினால் கறுப்புக்கு அவமானம் நேரவில்லை என்றாகும். அவமானம் இல்லாமல் இந்தத் தொடக்கமே இல்லை. மைல்ஸுக்குச் சிரிப்பு கிடைத்தது, எனக்கு உள்மூச்சு. இவ்வொலி சங்க காலத்திலேயே இருந்தது என்று நிறுவ ஒரு பானை ஓடு போதும். ஓடு அகப்படாவிட்டால் வாழ்த்துரையோடு ஒரு மாநாடு போதும் (விரிவுக்கு: மேற்படி நூல், அத். 7, அடிக்குறிப்பு 41, அதன் உட்குறிப்பு ‘ஆ’, சுக்கு மடித்துக் கொடுத்த பாதி, மறுபாதியை வாங்கிப்போனவர் ஆலப்புழைக்காரர், அவரே இத்துறையில் என் முதல் எதிரி).

எ. சாயாவின் பங்கு

இடம் போதவில்லை.

ஏ. ஆட்டத்தின் முடிவு

வெள்ளையாடியவர் பதினைந்தாம் நகர்வில் என் யானையை எடுத்தார். அப்போது கிடங்குக்கு லாரி வந்துவிட்டதால் பலகையைத் தூக்கவேண்டியதாயிற்று. ஓரச்சிப்பாய் கடைசிவரை வெட்டுப்படவில்லை. கோட்பாட்டளவில் இது கறுப்புக்குச் சற்றே சாதகமான நிலை.