உறுதிமொழி வேர்விடுமா?

கேள்வி: பூமிக்காக ஜனவரியில் எடுக்கிற உறுதிமொழி பொங்கலுக்குள் வாடிவிடுகிறதே? (வாசகர், மண்ணூர்)

பதில்: தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் வாடத்தான் செய்யும்! கோவை அரசுப் பேருந்து நடத்துநர் மாரிமுத்து யோகநாதனைப் பாருங்கள். டிக்கெட் கிழித்துச் சம்பாதித்த சம்பளத்தில் கணிசமான பங்கு மரக்கன்றுக்கே போனது. தன் விடுமுறை நாளில் பள்ளி பள்ளியாகப் போய் நட்டார். இப்படியே பல பத்தாண்டுகள், லட்சக்கணக்கான கன்றுகள். மாணவர் நட்ட கன்றுக்கு அந்த மாணவர் பெயரையே சூட்டுவார். தன் பெயர் பட்டுப்போக எந்தப் பிள்ளை சம்மதிக்கும்?

மண்ணூரிலும் வழி உண்டு. கம்பெனி பஸ் வரும் ஷிப்டுக்கு பைக்கை எடுக்காதீர்கள். சொந்த மொட்டைமாடி இருந்தால், 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம். இந்த ஊர் வெயிலுக்கா பஞ்சம்!