புது வீட்டு ஜன்னல் கண்ணாடியில் கீறல் போடுவது எப்படி?

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், கட்டிய வீட்டின் ஜன்னலைத் துடைத்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டு ஜன்னலில் மரக்கதவும் இரும்புக் கம்பியும்தான். இன்றைக்கு அலுமினியச் சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடி. அதைக் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கோடும் கிறுக்கலுமாக ஆக்குவது தனிக் கலை. படிப்படியாகச் செய்தால் யாருக்கும் கைவரும்.

படி 1: கண்ணாடியை முதலில் மாட்டுங்கள்

பூச்சு, டைல்ஸ், பட்டி, பெயின்ட் எல்லாம் முடிந்தபின் கண்ணாடி மாட்டுவது கோழைகளின் வழக்கம். ஃபேப்ரிகேஷன்காரருக்குக் கண்ணாடி ஏறினால்தான் அடுத்த பணம். அவர் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும்? சுவர் ஈரமாக இருக்கும்போதே மாட்டச் சொல்லுங்கள். மேல்மாடிப் பூச்சிலிருந்து வழியும் சிமென்ட் தண்ணீர் கடும் காரம். உடனே கழுவினால் போய்விடும். அப்படியே காயவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்து, துடைத்தாலும் போகாத வெள்ளைத் தாரைகளாக நிற்கும்.

கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் செய்பவரை ஜன்னலுக்கு எதிரே உட்காரவையுங்கள். கிரைண்டரிலிருந்து மத்தாப்பாகப் பறப்பது கொதிக்கும் இரும்புத் துகள். பட்ட இடத்தில் கண்ணாடியை இளக்கி ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகப் பூக்கும். நடுவில் ஒரு பழைய தார்ப்பாய் கட்டினால் இந்தக் காட்சி கிடைக்காது.

கண்ணாடியோடு வரும் பாதுகாப்பு பிலிம் விஷயத்தில் இரண்டு மரபுகள் உண்டு. முதல் நாளே உரித்து எறிவது ஒன்று. ஒரு கோடை முழுக்க மேற்கு வெயிலில் வேகவிட்டுப் பசை இறுகியபின் நகத்தால் சுரண்டுவது மற்றொன்று. இரண்டுமே பலன் தரும்.

படி 2: துடைக்கும் வேலையைக் கடைசி மாலைக்குத் தள்ளுங்கள்

விடிந்தால் கணபதி ஹோமம் என்றிருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் இன்னும் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருக்க வேண்டும். இந்த நேரத்தில் யாராவது, “அட, நான் ரெண்டு நிமிஷத்துல துடைச்சிடுறேன் மாமா” என்று முன்வருவார். அவரைத் தடுக்காதீர்கள். அவர்தான் நாம் தேடிய ஆள்.

படி 3: தண்ணீரைக் கிட்டே சேர்க்காதீர்கள்

நம் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் 7. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். எம்-சாண்ட் என்பது உடைத்த கருங்கல். அதிலும் குவார்ட்ஸ் உண்டு, ஓரமும் கூர்மை. ஆக, வீடு முழுக்கப் பறக்கும் தூசியில் கண்ணாடியைவிடக் கடினமான துகள்கள் ஏராளம். நீங்கள் கொடுக்க வேண்டியது காய்ந்த துணியும் கை அழுத்தமும் மட்டும். துணி அந்த நொடியே உப்புத்தாள் ஆகிவிடும். வட்டவட்டமாகத் தேய்த்தால் கீறலும் வட்டமாக விழும். மாலை வெயில் சாய்ந்து படும்போது ஒவ்வொன்றும் மின்னும்.

ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தடத்தைப் பாருங்கள். சிமென்ட் தூள், மரத்தூள், ஒரு பீடித்துண்டு, இவற்றுக்கு அடியில் ஒரு பிடி மணல். அதை அள்ளாமல் கதவை நாலு தடவை இழுத்து மூடுங்கள். கண்ணாடிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், நடுவே இருக்கும் பிரஷ் பட்டையில் மணல் சிக்கும். பிறகு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கிடைமட்டமாக ஒரு கோடு. ஆள் கூலிகூட வேண்டாம்.

எதிர்க்கட்சியினர் செய்வதைச் சொல்லிவைக்கிறேன், ஏமாந்துவிடாதீர்கள். முதலில் சட்டத்தையும் தடத்தையும் பிரஷ்ஷாலோ வாக்குவம் கிளீனராலோ சுத்தம் செய்வார்கள். கண்ணாடியைத் தொடாமலே மேலிருந்து தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிடுவார்கள். அப்புறம்தான் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு கலந்த தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும். துணியை அலசத் தனி வாளி வைத்து, தண்ணீர் கலங்கியதும் மாற்றுவார்கள். கடைசியில் ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார்கள். அதுவும் வெயில் படாத நேரம் பார்த்து, சோப்புத் தண்ணீர் காய்வதற்குள். போர்த் தண்ணீர் உப்புக்கறை விட்டால் அதற்கு வினிகர். இத்தனை பொறுமை இருப்பவர்களுக்குக் கலை வராது.

படி 4: பட்டித் தகட்டைக் கையில் எடுங்கள்

பெயின்ட் சொட்டு தெரிந்தால், பெயின்டர் விட்டுப்போன பட்டித் தகட்டை எடுத்துக் காய்ந்த கண்ணாடியில் சுரண்டுங்கள். முனை மழுங்கி, காய்ந்த பட்டி ஒட்டியிருந்தால் விசேஷம். சாதாரணக் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் விட்டு, புது பிளேடை ஒரே திசையில் தள்ளினால் பெரும்பாலும் கீறாது. கீறுவது எஃகு அல்ல, அதன் அடியில் மாட்டும் மணல். அதனால் பிளேடை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பின்னால் வரும்போதுதான் மணல் அடியில் புகும்.

படி 5: கண்ணாடிக்கேற்ற கேடு

டஃபண்டு கண்ணாடி: “இது ஸ்ட்ராங் சார், ஒண்ணும் ஆகாது” என்பார்கள். நம்புங்கள். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிர்விப்பதால் அடிக்குத் தாங்கும், கீறலுக்குத் தாங்காது. உலையில் உருளைகள் மேல் ஓடிய பக்கத்தில் சில சமயம் கண்ணாடித் துணுக்குகள் ஒட்டியிருக்கும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போகும். மூலையில் முத்திரை பார்த்தால் டஃபண்டு என்று தெரிந்துவிடும், பார்க்காதீர்கள்.

ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி: பூச்சு வெளிப்பக்கம் இருந்தால் பச்சை நார் போதும். அதில் கண்ணாடியைவிடக் கடினமான அலுமினியம் ஆக்சைடு இருக்கிறது. பூச்சு போன இடத்தில் மறுபடி பூச வழியில்லை.

பாத்ரூம் ஃப்ராஸ்டட் கண்ணாடி: எண்ணெய்க் கையால் தொடுங்கள். சொரசொரப்பில் இறங்கிய கறை எளிதில் ஏறி வராது.

அக்ரிலிக், பாலிகார்பனேட் கூரை: தின்னர் ஊற்றுங்கள். மங்கிப்போய், பகலிலேயே பனிமூட்டம்.

படி 6: ஆசிட் இருக்கப் பயமேன்?

டைல்ஸ் கழுவ வாங்கிய ஆசிட் மீதி இருக்குமே! ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்ணாடியைத் தின்னாது. ஆனால் அலுமினியச் சட்டத்தை நுரைக்க நுரைக்கத் தின்னும், ரிஃப்ளெக்டிவ் பூச்சையும் விடாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த கறைநீக்கி கிடைத்தால் கண்ணாடியே கரையும். அது தோல் வழியாக எலும்புவரை போகும் விஷம். இந்த ஒன்றில் மட்டும் கிண்டல் இல்லை: வாங்காதீர்கள்.

படி 7: பழியைப் பகிர்ந்தளியுங்கள்

“மாட்டும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு, பெயின்டரைக் கேளுங்க” என்பார் ஃபேப்ரிகேஷன்காரர். பெயின்டர் டைல்ஸ்காரரைக் காட்டுவார். டைல்ஸ்காரர் ஊருக்குப் போயிருப்பார். மேஸ்திரி, “புது வீடுன்னா நாலு கோடு இருக்கத்தான் செய்யும்” என்று தீர்ப்புச் சொல்வார். கண்ணாடியை யார் மூடிவைப்பது, யார் கழுவுவது என்று எந்தக் கொட்டேஷனிலும் ஒரு வரி எழுதாமல் விட்டவர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது வீட்டுக்காரரில் போய் முடியும்.

மெல்லிய கீறலை சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றலாம். நகம் மாட்டுமளவு ஆழம் என்றால், தேய்த்த இடம் பள்ளமாகித் தெருவே நெளிந்து தெரியும். புதுக் கண்ணாடிதான் வழி. டஃபண்டு என்றால் வெட்டி ஒட்டுப்போட முடியாது. அளவெடுத்து மறுபடி ஆர்டர் கொடுக்க வேண்டும்.

அதற்குள் சம்பந்தி வீட்டார் கேட்டால் சங்கடப்பட வேண்டாம். திருஷ்டி படாமலிருக்க நாங்களே போட்டது என்று சொல்லிவிடுங்கள். பூசணிக்காய்ச் செலவு மிச்சம்.