பாதி மரியாதை, பாதி வட்டி

கேள்வி: டாக்டர் பெயரில் ஆஸ்பத்திரி கட்டினால் நியாயம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஒரு டாக்டர் பெயரில் படிப்பு மையம் கட்டியிருக்கிறதே, ஏன்?

பதில்: அந்த டாக்டருக்கு நோயாளி கிடைப்பதைவிடக் கல்லூரி கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது! ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித், 1813-ல் நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பர் என்பதால் அமெரிக்கக் கல்லூரிகள் கதவைச் சாத்த, கப்பலேறி கிளாஸ்கோ போனார். 1837-ல் எம்.டி. முடித்து, மருத்துவப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். ஊர் திரும்பி வைத்தியம் பார்த்தார், மருந்துக்கடையும் வைத்தார்.

மனிதர் கணக்கிலும் புலி. அடிமைகளைவிட, சுதந்திரமாக வாழும் கறுப்பர்களுக்கே பைத்தியம் அதிகம் பிடிக்கிறது என்று 1840-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டி அடிமை முறையின் ஆதரவாளர்கள் வாதாடினார்கள். ஸ்மித் அட்டவணையைப் புரட்டினார். கறுப்பரே வசிக்காத ஊர்களில்கூடக் கறுப்பர்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது! புத்தி பேதலித்தது யாருக்கு என்று அப்போதே விளங்கிவிட்டது.

2021-ல் திறந்த அந்தக் கட்டடத்தில் 2,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கும் பழைய பாக்கி ஒன்று உண்டு. அடிமை முறையில் சம்பாதித்தவர்களின் நன்கொடையால் தானும் கொழுத்ததை 2018-ல் அதுவே ஒப்புக்கொண்டது. ஆகவே பெயர்ப்பலகை பாதி மரியாதை, பாதி வட்டி. அசலை அடைக்க, இன்னும் எத்தனையோ ஸ்மித்களுக்கு அட்மிஷன் போட வேண்டும்!