ஓய்வுநேர அரணியல்: குரோஷா, ஒலிநூல், நடை குறித்த ஒரு முன்னாய்வு

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் நீர், நிலம், மலை, காடு என நான்கை எண்ணி, நாட்டைக் காக்கும் அரணுக்கு இவை வேண்டும் என்றார். ஒருத்தியின் பிற்பகல் மூன்று மணியை வீட்டாரிடமிருந்து காப்பது எது என்பது பற்றி அந்தப் பத்துக் குறளிலும் பேச்சில்லை. பரிமேலழகரும் கவனிக்காமல் கடந்துவிட்டார். இத்தனை நூற்றாண்டுகளாக இந்த இடைவெளி நிரப்பப்படாமல் கிடப்பது தமிழ் ஆய்வுலகுக்கு அழகல்ல என்று கருதியதன் விளைவே இக்கட்டுரை. எந்தப் பட்டத்துக்கும் இது சமர்ப்பிக்கப்படவில்லை. இதற்கு வழிகாட்டியாக இருக்க எந்தப் பேராசிரியரும் சம்மதிக்கவுமில்லை.

ஆய்வுச் சிக்கல் இதுதான். மதியச் சாப்பாடு முடிந்து, மேடை துடைத்து, பாத்திரம் கவிழ்த்து, மாலைக் காப்பிக்கு முன்னால் ஒரு குடும்பத் தலைவி நாற்காலியில் உட்காருகிறார். உட்கார்ந்த மறுநிமிடமே பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல்: “சும்மாதானே இருக்கே, அந்த கேஸ் புக்கை எங்க வெச்சேன்னு கொஞ்சம் பாரேன்.” ஆளில்லாப் புறம்போக்கில் குடிசை முளைப்பதுபோல், காலியாகக் கிடக்கும் நேரத்தில் வேலை முளைக்கிறது. பட்டா இல்லாத ஓய்வு நிலைக்காது. அப்படியானால் பட்டா எங்கே கிடைக்கும்?

இதற்கு விடையாக நாமே ஒரு நூற்பா யாத்துள்ளோம்:

ஊசியும் ஒலியும் நடையும் என்றாங்கு
அம்மூன்று என்ப ஓய்வின் அரணே.

என்பது சூத்திரம். என் நுதலிற்றோ எனின், ஓய்வுநேரத்தைக் காக்கும் அரண்களின் பெயரும் முறையும் தொகையும் நுதலிற்று. ஊசி என்றது குரோஷா ஊசியை. ஒலி என்றது காதில் மாட்டிக் கேட்கும் ஒலிநூலை. நடை என்றது பூங்காவில் செய்யும் நடைப்பயிற்சியை. கடைக்கு நடப்பது இதில் அடங்காது. ஊசி ‘வேலையாக இருக்கிறார்’ என்று காட்டும். ஒலி ‘கேட்கவில்லை’ என்று காட்டும். நடை ‘ஆளே இல்லை’ என்று காட்டும். கைக்கும் காதுக்கும் காலுக்கும் தொழில் தந்த ஆசிரியர் வாயை ஏன் விட்டார் எனின், அதற்குப் பூங்கா வாசலில் அருகம்புல் சாறும் சுண்டலும் உள ஆதலின் என்க.

ஆய்வுப் பொருளாக அமைந்தவர் என் பெரியம்மா. மயிலாப்பூர்வாசி. மூன்றும் கைவரப் பெற்றவர். தாம் ஆராயப்படுவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் “சும்மாதானே இருக்கே” என்று எனக்கு ஒரு வேலை வைத்திருப்பார்.

முதல் அரணை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதில்தான் சூட்சுமம் அதிகம். ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசி; எல்லாக் கண்ணிகளும் ஒரே சமயத்தில் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை இறங்கிவிடும். குரோஷாவுக்கு முனை வளைந்த ஊசி ஒன்றே போதும். பெரும்பாலும் எந்தக் கணத்திலும் அவிழக்கூடியது ஒரே ஒரு கண்ணிதான். ஆகவே குக்கர் விசில் அடித்தால் அந்த ஒரு கண்ணியைக் கொஞ்சம் நீட்டி இழுத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்தால் இருந்த இடத்தில் இருக்கும். குடும்பத்துக்கு நடுவே உட்கார்ந்து செய்வதற்கு இவ்வளவு பொருத்தமான கைவேலை வேறில்லை என்பது எம் துணிபு. ஒயர் கூடைக்காரர்கள் மறுக்கலாம். சிவன் கண், நெல்லிக்காய்ப் பின்னல்கள் அழகுதான். ஆனால் வயர் சுருளை மடியில் வைத்துக்கொண்டு யாரும் ஓய்வாக இருப்பதாகத் தோன்றுவதில்லை, மல்யுத்தம் நடப்பதாகவே தோன்றுகிறது.

எழுந்து போக முடியும் என்பது உண்மை. எழுந்து போக முடியாது என்று காட்டிக்கொள்வது கலை. அந்தக் கலையின் ஆயுதம் எண்ணிக்கை. களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

“பெரியம்மா, என் நீலச் சட்டைய பாத்தீங்களா?”

“முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு...”

“பெரியம்மா?”

“முப்பத்திமூணு.” ஊசி பிடித்த கையே ‘பொறு’ என்று காட்டும்.

சட்டை தேடியவர் தானே போய்க் கொடியில் கண்டுபிடித்தார். எண்ணிக்கொண்டிருப்பவரைக் குறுக்கிடக் கூடாது என்னும் மரபு எப்படி வந்ததென்று தெரியவில்லை, ஆனால் பூஜையில் இருப்பவரைக்கூட அழைக்கும் வீட்டில் எண்ணுகிறவரை யாரும் அழைப்பதில்லை. பெரியம்மா பின்னும் டீபாய் விரிப்பின் வரிசையில் மொத்தமே இருபத்துநான்கு கண்ணிகள் என்பதை இவ்வாய்வாளர் பின்னர் சரிபார்த்தார். தரவு ரகசியமாக வைக்கப்பட்டுள்ளது.

எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும்? வரிசைக்கு வரிசை கண்ணி கூடிக்கொண்டே போனால் விரிப்பு தட்டையாக நிற்காமல் ஓரத்தில் அலை அலையாகச் சுருளும். நம் வீடுகளில் இதற்கு ‘கெட்டுப்போச்சு’ என்று பெயர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கு அதிபரவளைய வடிவியல் என்று பெயர். லாத்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல், இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டுவது என்ற ஒரே விதியை விடாமல் பின்பற்றி, அந்த வடிவியலின் தளத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதற்கு முன் தாளில் வெட்டி ஒட்டிச் செய்த மாதிரிகள் கையில் எடுத்தாலே கிழிந்துவிடும். நூலில் பின்னியதை மாணவர்கள் மடித்தும் விரித்தும் பார்க்கலாம். அவர் எழுதிய புத்தகம் 2009ஆம் ஆண்டின் மிக விசித்திரமான நூல் தலைப்புக்கான டயாக்ரம் பரிசையும் வாங்கியது. ஆகவே சுருண்டுபோன டெலிபோன் உறை எந்த வீட்டிலாவது மூலையில் கிடந்தால் அதைத் தூர எறியாமல் கணிதத் துறைக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆக்கிரமிப்பின் உச்சத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 2016 ஜனவரியில் சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழுவினர் பல ஊர்ப் பெண்கள் பின்னிய சதுரங்களைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஏறத்தாழ இரண்டேமுக்கால் ஏக்கர். ஓய்வுநேரம் இவ்வளவு நிலத்துக்குப் பட்டா வாங்கியதற்கு இவ்வாய்வாளர் அறிந்த வரையில் வேறு சான்று இல்லை.

இரண்டாம் அரண் ஒலி. 1935இல் பிரிட்டனில், முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களை மனத்தில் வைத்துப் ‘பேசும் நூல்’ இசைத்தட்டுகள் வந்தன. முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் கொலைக் கதையும் ஒன்று. நம் பக்கம் வரலாறு வேறு. ‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது ஒருவர் வாசிக்க வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டது. அப்புறம் வானொலியின் ஒலிச்சித்திரம். அதற்கப்புறம் கதை வசன கேசட். 1984இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்றக் காட்சியைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை உண்டு. பந்தலில் தாலி கட்டும் நேரம் நெருங்க, ஒலிபெருக்கியில் கைவிடப்பட்ட பெண்ணின் வழக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும். யாருக்கும் அது உறுத்தியதில்லை.

இவையெல்லாம் ஊரே சேர்ந்து கேட்டவை. காதுக்குள் மாட்டியதும்தான் கேட்பது அரணாயிற்று. இதில் வல்லுநர்களிடையே ஒரு கருத்து வேறுபாடு நிலவுகிறது: வயர் உள்ளதா, இல்லாததா? வயர் இல்லாத சிறுபொறி தலைமுடிக்குள் மறைந்துவிடுவதால் பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை. பேச்சுக் கொடுத்துவிடுகிறார்கள், பதில் வராவிட்டால் கோபிக்கிறார்கள். வெள்ளை வயர் தூரத்திலிருந்தே தெரியும். அறிவிப்புப் பலகை இல்லாத வேலி எதற்கு என்பது பெரியம்மா கட்சி. மேலும் ஒரு நுட்பம்: சில சமயம் வயர் காதில் இருக்கும், கதை ஓடாது. அந்த நேரத்தில் வீட்டில் தம்மைப் பற்றிப் பேசப்படுவது முழுவதும் அவருக்குக் கேட்கும். இதை இவ்வாய்வாளர் அறிய நேர்ந்த விதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஊசியும் ஒலியும் ஒருங்கே நிகழுமா எனின், நிகழும், எச்சரிக்கை வேண்டும். கதையில் பதினாறு குதிரைகள் வந்தால் பின்னல் பதினேழிலிருந்து தொடர்ந்துவிடும்.

மூன்றாவது, நடை. பத்தாயிரம் அடி என்ற எண்ணை மருத்துவ வேதம் என்று நம்பாத வீடு இன்று இல்லை. அது 1965இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. முந்தைய ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் நடந்து, உடற்பயிற்சி ஆர்வம் சூடாக இருந்த நேரம். பின்னாளில், 2019இல், ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் சகாக்களும் சராசரி வயது 72 ஆன பெண்களை ஆராய்ந்து, அடிகள் கூடக் கூட இறப்பு விகிதம் குறைகிறது, ஆனால் 7,500 அடி அளவில் அந்த ஆதாயம் சமநிலைக்கு வந்துவிடுகிறது என்று கண்டார்கள். பயனுள்ள கண்டுபிடிப்புதான். ஆனால் வீட்டில் சொல்லக் கூடாதது. நிமிடத்துக்கு 100 அடி வீதம் பத்தாயிரத்துக்கு 100 நிமிடம், 7,500க்கு 75. அறிவியல் ஒரே கட்டுரையில் பெரியம்மாவின் 25 நிமிடத்தைப் பறித்துக்கொள்ளப் பார்த்தது. அந்த ஆங்கிலச் செய்தி வந்த பக்கம் அவர் வீட்டில் அலமாரித் தட்டுக்குப் போய்விட்டது. “இன்னும் மூவாயிரம் பாக்கி, வந்துடறேன்” என்று தொலைபேசியில் சொல்வது இன்றும் செல்லுபடியாகிறது.

களம், லஸ் சர்ச் சாலையிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய பூங்காவில் நடைப்பயிற்சி என்பது முன்யோசனை உள்ள ஏற்பாடு. நடந்தபின் வரும் வலிக்கு மருந்து பெயரிலேயே இருக்கிறது. இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரே வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இருவர் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சந்திப்பார்கள். முதல் சந்திப்புக்குச் சிரிப்பு, இரண்டாவதற்குத் தலையசைப்பு, மூன்றாவதற்கு என்ன செய்வது என்பது தீராத சிக்கல். காதில் வயர் இருந்தால் தீர்ந்தது. ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போவதைக் கேட்டபடி, யாரையும் பார்க்காமல் நடக்கலாம். அந்த ஏரிதான் வீராணம். 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. பெரியம்மா வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பிய தண்ணீர் எந்தக் கரையிலிருந்து வந்ததோ அந்தக் கரையில் அவர் காதில் குதிரை ஓடுகிறது, அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். கல்கி ஏறத்தாழ மூன்றரை ஆண்டு எழுதியதைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று அவருக்கு என்ன அவசரமோ.

நடந்துகொண்டே பின்ன முடியுமா என்று ஒரு கேள்வி எழும். முடியும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் பெண்கள் முதுகில் முற்றா நிலக்கரிக் கூடையைச் சுமந்து நடந்தபடியே கம்பளி பின்னிய பழைய புகைப்படங்கள் உள்ளன. ஆனால் அவர்கள் ஓய்வைக் காத்துக்கொண்டிருக்கவில்லை. காலுறை விற்று அரிசி பருப்புக்கு வழி தேடினார்கள். இங்கே நம் கோட்பாட்டுக்கு ஒரு மறுதலை வந்து நிற்கிறது. நகைப்பைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும்.

ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் கொண்டுவந்த குரோஷா லேஸ் அங்கே பெருந்தொழிலாக வளர்ந்து, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலில் அந்தப் பெண்களைப் பற்றி எழுதினார். நாள் முழுக்கப் பின்னினார்கள். ஆனால் வீட்டோடு இருக்கும் இல்லத்தரசிகள் ஓய்வுநேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றே வியாபாரிகளும் கணக்கெடுத்தவர்களும் வைத்துக்கொண்டார்கள். ஓய்வுநேர வேலைக்கு யார் கூலி தருவார்கள்? கிடைத்தது அற்பம். மயிலாப்பூரில் ஓய்வை உழைப்பாகக் காட்டும் அதே ஊசி, நரசாபுரத்தில் உழைப்பை ஓய்வாகக் காட்டியிருக்கிறது. லாபம் வேறு பக்கம் போயிற்று. இதற்கு நூற்பா எதுவும் யாத்துச் சமாளிக்க இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

நிறைவாக ஆண்பாற்கு உரிய அரண் யாது எனின், செய்தித்தாள். அதற்கு ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், அடிக்கணக்கு வேண்டாம். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால் போதும். பெரியப்பா நாற்பது ஆண்டாக ஒரு விரிப்புகூடப் பின்னிக் காட்டாமல் அதன் பின்னால் பத்திரமாக இருக்கிறார். ‘சும்மாதானே இருக்கீங்க’ என்று அவரை யாரும் கேட்டதாகக் களப்பணியில் பதிவு இல்லை. பெண்ணின் ஓய்வுக்கு மட்டும் ஏன் ஒரு பொருளோ எண்ணோ சாட்சியாக வேண்டியிருக்கிறது என்பதை அடுத்து ஆராய முன்வருவோருக்கு இந்தத் தலைப்பை இலவசமாக விட்டுக்கொடுக்கிறோம்.

அதுவரை வீட்டிலுள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். குடும்பத் தலைவி எண்ணிக்கொண்டிருந்தால் வரிசை முடியும்வரை பொறுங்கள். எண்ணாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் பொறுங்கள். பால் பிரிட்ஜில் இருக்கிறது, டிகாஷன் ஃபில்டரில் இறங்கியிருக்கும். காப்பியை நீங்களே கலந்துகொள்ளலாம், அவருக்கும் ஒரு டம்ளர் சேர்த்து.