தங்குமிடம் முதலில், பாதை பிறகு

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள எங்கள் சரவணையில் இருந்து கதிர்காமத்துக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி, இரவு எங்கே படுப்பது என்பதுதான். எந்த வழியால் போவது, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

நான் சொல்வது 1970களின் தொடக்கத்தை. ஆனி பிறந்ததும் பெரியப்பா விறாந்தையில் பாயைப் போட்டு, முன்னால் ஒரு கட்டுத் தபாலட்டையை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குவார். அவர் புகையிலை வியாபாரி. தீவில் பதப்படுத்திய புகையிலையைச் சிப்பம் கட்டித் தெற்கே அனுப்பி வந்தவர். அதனால் வவுனியாவுக்கு அப்பால் எந்தப் பட்டினத்திலும் அவருக்கு ஒரு கடை தெரியும். அநுராதபுரத்தில் வேலணை ஆள் ஒருவரின் கடை, மாத்தளையில் புங்குடுதீவாரின் கடை, கண்டியில் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே ஒருவர், பதுளையில் நாரந்தனையார். தீவார் தென்னிலங்கை எங்கும் கடை வைத்திருந்த காலம். அட்டையில் இரண்டு வரிதான் இருக்கும்: "இன்ன திகதி லொறியில வாறம். பொம்பிளையள், பிள்ளையளும் உண்டு." மறுமொழி வராது. வராவிட்டால் சரி என்று பொருள். அந்த வீட்டில் துடக்கோ துக்கமோ இருந்தால் மட்டும் பதில் அட்டை வரும்; பெரியப்பா உடனே வேறொரு பட்டினத்தில் வேறொரு கடையை நினைத்துக்கொள்வார். அட்டைகள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நிச்சயமான பிறகுதான் எந்த வழியால் போவது என்ற கதை வரும். கடை இருக்கிற ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அதுவே வழி.

லொறியும் புகையிலை ஏற்றுகிற லொறிதான். கழுவி, சாணித் தண்ணீர் தெளித்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, மேலே படங்கு கட்டினால் வீடு தயார். எவ்வளவு கழுவினாலும் புகையிலை நெடி போகாது. முன்பக்கத்தில் அம்மம்மாவும் கைக்குழந்தைக்காரரும். பின்பக்கம் அடுப்புக்கல்லு, விறகு, பெரிய பானை, பொரிவிளாங்காயும் பயத்தம் பணியாரமும் நிறைந்த தகரங்கள், மோர்மிளகாய், ஊறுகாய்ச் சாடி. இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஏற்றப்படுவது ஒரு வாளியும் ஒரு சுருள் கயிறும். அந்தக் கயிற்றைப் பெரியப்பா தன் கையாலேயே முழம் போட்டு அளந்து பார்ப்பார். எங்கள் தீவில் கிணறுகள் ஆழமில்லை. எட்டிக் குனிந்தால் தண்ணீர் தெரியும், ஆனால் பல கிணறுகளில் உவர்த் தண்ணீர்தான். வன்னியில் தண்ணீர் இனிக்கும், கிணறோ ஆழம். ஊர்க் கயிறு அங்கே எட்டாது. கோயில் கிணற்றடியில் கயிறு எட்டாமல் நிற்பதைப்போல ஒரு சங்கடம் பயணத்தில் இல்லை என்பது அவர் கருத்து. இரவல் கயிறு கேட்டால் தருவார்கள்தான். ஆனால் இரவல் கேட்க ஆளிருக்கும் இடத்தில் மட்டுமா தாகம் வரும்?

விடியப்புறம் ஊர்க்கோயிலில் கற்பூரம் கொளுத்தி, பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது வெளிச்சம் வரும். நாவற்குழி, சாவகச்சேரி, ஆனையிறவு உப்பளம், பரந்தன், கிளிநொச்சி. முறிகண்டியில் எந்த வாகனமும் நிற்காமல் போகாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, சாரதி ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் காட்டோரம் ஓடித் திரிவோம். மாங்குளம் தாண்டினால் காடு. இருட்டுப்பட்ட பிறகு லொறி ஓடக்கூடாது என்பது பெரியப்பாவின் கட்டளை. யானை வரும். அதைவிட, விடிய எழுப்பி ஏற்றவேண்டிய கிழவர்களும் குழந்தைகளும் இரவில் நன்றாக நித்திரை கொள்ளவேண்டும். பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் அன்றைய கடை வாசலில் லொறி நின்றுவிடும். இன்னும் இரண்டு மணி நேரம் ஓடலாமே என்று சாரதி முணுமுணுப்பார். பெரியப்பா அசையமாட்டார்.

கண்டிக் கடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவு கடை பூட்டுவதென்றால் பலகைகளை ஒவ்வொன்றாக வாசல் தவாளிப்பில் இறக்கவேண்டும். ஒவ்வொரு பலகையிலும் வெள்ளைப் பூச்சில் இலக்கம். இலக்கம் மாறினால் கடைசிப் பலகை இறங்காது. கடைப் பெடியன்களோடு சேர்ந்து பலகை தூக்குவதுதான் எங்களுக்கு அந்த ஊரின் பெரிய விளையாட்டு. பெண்களுக்கு மேல்மாடி, அங்கே வழக்கமாகப் படுக்கிற பெடியன்கள் கீழே இறங்கிவிடுவார்கள். நாங்கள் செத்தல் மிளகாய்ச் சாக்குகளுக்கும் வெங்காயச் சாக்குகளுக்கும் நடுவில், குளிருக்குச் சாக்கையே போர்த்துக்கொண்டு படுப்போம். முதலாளி விளக்கை அணைக்காமல் பெரியப்பாவோடு கதைத்துக்கொண்டிருப்பார். ஊரில் மழை பெய்ததா, குளத்தில் தண்ணீர் எவ்வளவு, ஆர் வீட்டில் சம்பந்தம் கலந்திருக்கிறது, புகையிலை என்ன விலை. வருடத்தில் சில நாட்களே ஊர் பார்க்கக் கிடைத்த மனிதர் அவர். காலையில் புறப்படும்போது நாங்கள் கொண்டுபோன ஒடியலும் பனங்கட்டியும் கைமாறும். தங்கியதற்குக் கணக்கு அவ்வளவுதான்.

கதிர்காமத்தில் கவலையே இல்லை. இராமகிருஷ்ண மிஷன் மடத்தில் சோறும் இருந்தது, படுக்கத் திண்ணையும் இருந்தது.

1977 ஆவணியில் கலவரம். 1983 ஆடியில் அதைவிடப் பெரிது. தெற்கில் இருந்த தமிழர் கடைகள் எரிந்தபோது எரிந்தது வியாபாரம் மட்டும் அல்ல. பெரியப்பா எழுதி வந்த அட்டைகளின் முகவரிகளும் அதோடு போய்விட்டன. பாதை அப்படியே இருந்தது, ஒரு கல் பெயரவில்லை. ஆனால் அந்தப் பாதையில் எங்கும் இரவு தங்க இடமில்லை. 1983க்குப் பிறகு எங்கள் வளவில் இருந்து கதிர்காமத்துக்கு லொறி போகவில்லை. இலக்கமிட்ட அந்தப் பலகைகள் என்ன ஆகின என்று கேட்க எனக்கு இன்றுவரை ஆளில்லை.

பிறகு வந்தவை நாங்கள் திட்டமிடாத பயணங்கள். 1990 ஆவணியில் இராணுவம் தீவுக்குள் இறங்க, சரவணையை விட்டு ஓடினோம். 1995 ஐப்பசி 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழி வழியே, மழைக்குள், இலட்சக்கணக்கான சனம். அன்று இரவு எங்கே தங்குவது என்று தெரிந்தவர் எவருமில்லை. பள்ளிக்கூட விறாந்தை, கோயில் மண்டபம், முன்பின் தெரியாதவர்களின் மாட்டுக்கொட்டில். பெரியப்பா அந்த நடையில் எங்களோடு வந்தார். கையில் அவர் கொண்டு வந்தது வாளியும் கயிறும். கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு வளவுக் கிணற்றடியில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தக் கயிறுதான் தண்ணீர் கொடுத்தது.

இப்போது நான் இருப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோவில். போன வருடம் மகள் ஓர் ஆசையோடு வந்தாள். ஆர்.வி. என்று இங்கே எல்லாரும் சொல்கிற வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பமாக வன்கூவர் வரை ஓடவேண்டும். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, 25 அடி நீள வண்டி. ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர் வழி. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, ஒரு நாளைக்கு எழுநூறு கிலோமீற்றர் ஓடினா நாலாம் நாள் றெஜைனாவில நிப்பம்."

"ஓடுறது கிடக்கட்டும் பிள்ளை. முதல் நாள் இரவு எங்க? அங்க தண்ணி இருக்கே?"

கேட்டு முடிக்கும்போது அது பெரியப்பாவின் கேள்வி என்று எனக்கு விளங்கியது. அது சரியான கேள்வி என்பதும் இரண்டு கிழமைக்குள் அவளுக்கு விளங்கியது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் முகாம் இடத்தை 5 மாதங்களுக்கு முன்னரே பதியலாம். நல்ல இடங்கள் அந்த நாள் காலை 7 மணிக்கே போய்விடும். சுப்பீரியர் ஏரிக்கரையில் அகாவா குடாவில் ஓர் இடம் கிடைத்த பிறகுதான் அதற்கு முந்திய இரவும் பிந்திய இரவும் எங்கே என்று முடிவாயின. வண்டிக்கு மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. முதலாவதை நிரப்பவும் மற்ற இரண்டையும் வெறுமையாக்கவும் வசதியுள்ள இடத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை தொட்டே ஆகவேண்டும். மின்சாரத்துக்கு 30 அம்பியர் இணைப்பு வேண்டும். நிலம் சமமாக இருக்கவேண்டும். இத்தனையும் சேர்ந்துதான் வழியைத் தீர்மானித்தன. குடிதண்ணீருக்கென்று தனியாக வெள்ளைக் குழாய் ஒன்று விற்கிறார்கள். 25 அடியில் வாங்கலாம் என்றாள் மகள். 50 அடியில் வாங்குவித்தேன்.

வீட்டு வண்டிக்காரர்களிடையே இங்கே ஒரு மூன்று-மூன்று-மூன்று வழக்கம் உண்டு: நாளுக்கு 300 மைலுக்கு மேல் ஓடாதே, பின்னேரம் 3 மணிக்குள் நிறுத்து, ஓரிடத்தில் 3 இரவு தங்கு. முதல் இரண்டையும் நான் சிறுவயதிலேயே பார்த்தவன். மூன்றாவதற்குக் கண்டி முதலாளி எவ்வளவோ மன்றாடுவார். பெரியப்பாவுக்குக் கொடியேற்றத்துக்குப் போய்ச்சேரும் அவதி. வாவாவுக்கு மேற்கே, இரவில் மூஸ் மான்கள் தெருவுக்கு வரும் என்று பலகை நாட்டியிருக்கிறார்கள். மாங்குளத்துக் காட்டில் பலகை இல்லை, பெரியப்பாவின் கட்டளைதான் இருந்தது.

வாவா என்னை நின்று யோசிக்க வைத்த ஊர். 1960இல் சுப்பீரியர் ஏரியோரத்து நெடுஞ்சாலை இணைந்தபோது தெரு அந்த ஊரின் கடைத்தெருவுக்குள் வராமல் ஓரத்தால் போய்விட்டது. வண்டிகள் நிற்காமல் போய்விடுமே என்று பதறிய ஊர் வியாபாரி ஒருவர் முன்னின்று, சந்தியில் ஒரு பெரிய வாத்துச் சிலையை நிறுவச் செய்தார். அதைப் பார்க்கவென்று இன்றும் வாகனங்கள் நிற்கின்றன. கடைக்காரர் ஒருவர் வழிப்போக்கரை நிறுத்தி உபசரிக்க ஆசைப்பட்டதன் அடையாளம் அறுபது வருடத்துக்கு மேலாக அங்கே நிற்கிறது, எவரும் அதை எரிக்கவில்லை. அந்தச் சிலையின் கீழ் நின்றபோது எனக்கு மாத்தளைக் கடையும் பதுளைக் கடையும் நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்தது. மகளிடம் அங்கே வைத்துத்தான் 1983ஐச் சொன்னேன்.

நிப்பிகன் ஆற்றுப் பாலத்தையும் சொல்லவேண்டும். கனடாவின் கிழக்கையும் மேற்கையும் தெருவால் இணைப்பது அந்த ஓரிடம்தான். 2016 தை மாதத்தில் புதிதாகக் கட்டிய பாலத்தின் தளம் 60 சென்ரிமீற்றர் அளவுக்கு மேலெழும்ப, போக்குவரத்து நின்று நாடு இரண்டாகியது. அமெரிக்காவுக்குள் போய்ச் சுற்றி வருவதே மாற்றுவழி. மறுநாளே ஒரு வழித்தடத்தைத் திறந்துவிட்டார்கள். பண்ணைப் பாலத்தையோ காரைநகர்ப் பாதைப் படகையோ நம்பி வளர்ந்த தீவானுக்கு இது புதினமில்லை. பாலத்துக்கு இந்தக் கரையில் ஓர் இரவு தங்க வகை செய்துவிட்டுத்தான் அதைக் கடக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், அப்படியே செய்தோம்.

அந்தப் பயணம் நல்லபடி முடிந்ததால் மகளுக்குத் துணிவு வந்துவிட்டது. இப்போது சரவணையில் இருந்து கதிர்காமம் போகவேண்டும் என்கிறாள். வாகனத்தில் போவதென்றால் இன்று ஒரே நாளில் முடியும். 2009க்குப் பிறகு ஏ9 திறந்துவிட்டது. 2020இல் தெற்கு அதிவேக வீதி மத்தள வரை நீண்டுவிட்டது. வெளிநாட்டில் இருந்து போகிற எங்கள் ஆட்கள் பலர் குளிரூட்டிய வானில் விடிய ஏறி, இரவு விடுதியில் இறங்குகிறார்கள். நடுவில் முறிகண்டி மட்டும் மிச்சம். அப்படியொரு பயணம் எனக்கு வேண்டாம். வழியில் ஒருவரோடும் ஊர்க்கதை கதைக்காமல் போய்ச்சேர்கிற கதிர்காமத்தை நான் அறியேன்.

ஆகவே செல்வச்சந்நிதிக் கோயிலில் இருந்து கிழக்குக் கரையோரமாகப் போகும் பாதயாத்திரை வழியைப் பார்க்கிறோம். முழுவதும் நடக்க என் முழங்கால் இடம் தராது. வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மாமாங்கம் வரை வாகனம், உகந்தையில் இருந்து நடை. அந்த வழியில் கோயில்தோறும் யாத்திரிகருக்கு இன்றும் சோறும் படுக்க மண்டபமும் உண்டு. அட்டை எழுதவும் வேண்டியதில்லை. உகந்தைக்கு அப்பால் குமண, யால காடு. அங்கே தங்குமிடங்களைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்: குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, பிறகு மாணிக்க கங்கை. காட்டுப்பாதை உற்சவத்தை ஒட்டிச் சில நாட்களே திறக்கும். எந்த நாள் என்பதை வருடாவருடம் அதிகாரிகள் அறிவிப்பார்கள். 5 மாதத்துக்கு முன்னரே பதிந்து பழகிய மகளுக்கு இது பொறுக்கவில்லை. திகதி வரட்டும், அதில் இருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு இரவாக வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். மேசையில் இப்போது இருக்கிற தாளில் ஊர்களின் பெயர் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் எந்தக் கிணறு, எந்த மடம் என்று எழுத இடம் விட்டிருக்கிறாள். போய் வந்தவர்களிடம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன். வெருகல் வரை எழுதியாகிவிட்டது.